அடி (வினைச்சொல்)

அடி: தமிழில் மிகப் பல பொருள்களில் வழங்கும் வினைகளுள் ஒன்று. கையாலோ கோலாலோ தாக்குதல் இதன் முதற்பொருள். இறந்தகாலத்தில் அடித்தான், பேச்சில் அடிச்சான். பாதம், நீள அளவு, செய்யுள் வரி, பெண்ணை விளிக்கும் சொல் ஆகியவையும் 'அடி'தான் என்றாலும் அவை இக்கட்டுரைக்குப் புறம்பானவை.

முன்பு சங்கரன்கோவில் வட்டத்திலும் பின்னர் கோவில்பட்டி வட்டத்திலும் சேர்ந்த இளையரசனேந்தலைச் சுற்றிய கரிசல் காட்டில், ஒரு வெள்ளாமையின் பெரும்பகுதியை இந்த ஒரே வினையால் சொல்லிவிடலாம். கோடையில் கண்மாய் மண்ணையும் தொழுவத்துக் குப்பையையும் வண்டியில் ஏற்றிப் புஞ்சையில் கொட்டுவது கரம்பை அடிப்பது, குப்பை அடிப்பது. இங்கே அடித்தல் என்பது நடை நடையாகச் சுமந்து சேர்த்தல். டிராக்டர் வந்தபின் உழவும் அடிக்கிறார்கள். பருத்திக்கும் மிளகாய்க்கும் மருந்து அடிக்கிறார்கள். உளுந்தும் பாசியும் காய்ந்து களத்துக்கு வந்து கம்பால் அடிபடும்போதுதான் சொல் தன் முதற்பொருளுக்குத் திரும்புகிறது.

இத்தனையிலும் செய்பவர் ஒருவர் இருக்கிறார். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்னும்போது அவரும் இல்லை. காய்ச்சலோ குளிரோ அடித்தால் மனிதன் எழுவாயாக நிற்காமல் நான்காம் வேற்றுமைக்குப் போய்விடுகிறான்: 'அவனுக்குக் காய்ச்சல் அடிக்கிறது.' லாட்டரியும் யோகமும் இப்படித்தான் அடிக்கின்றன. மழை மட்டும் பெரும்பாலும் பெய்கிறது; காற்றோடு சேர்ந்து சாய்ந்து வீசினால்தான் சாரல் அடிக்கும்.

இலக்கண நோக்கில் சுவையானது துணைவினை 'அடி'. தோற்கடி, முறியடி, மூழ்கடி, சாகடி, திணறடி, கதறடி, சிதறடி. இவற்றில் கையோ கம்போ படுவதில்லை. ஒன்றை ஒரு நிலைக்குத் தள்ளுவதே பொருள். ஆனால் எல்லா வினையோடும் இது சேராது. வாழவைக்கலாம், சிரிக்கவைக்கலாம், வளர்க்கலாம். 'வாழடி', 'சிரிக்கடி' என்று பிறவினை கிடையாது. கேடு செய்வதற்குத்தான் இத்துணைவினை என்று சொல்லிவிடவும் முடியவில்லை. நல்ல பாட்டு கவலையை மறக்கடிக்கிறது, குரல் கிறங்கடிக்கிறது. எதிர்த்து நிற்க முடியாதபடி ஆட்கொள்வது என்று கொண்டால் இரண்டும் அடங்கும்.

பழந்தமிழில் முரசும் பறையும் பெரும்பாலும் அறையப்பட்டன. 'அறை' இன்று கன்னம், ஆணி, சிலுவை என்ற அளவுக்குச் சுருங்கிவிட, மேளமும் மணியும் தமுக்கும் அடியிடம் வந்து சேர்ந்துள்ளன. அயற்சொற்களை உள்ளே இழுப்பதிலும் இது சளைத்ததல்ல: டைப் அடி, காப்பி அடி, சைட் அடி, பெட்ரோல் அடி, கோல் அடி. தந்தி அடிப்பது 2013 ஜூலையில் இந்தியாவில் நின்றது. செல்போனில் மெசேஜ் அடிப்பது தொடர்கிறது. போர் அடிப்பது இரண்டு உண்டு. களத்தில் மாடு கட்டிப் போரடித்த போர் தமிழ், பிள்ளைகளுக்கு விடுமுறையில் அடிக்கும் போர் ஆங்கிலம். இரண்டுக்கும் உறவில்லை.

ஆங்கிலத்தில் இதையொத்த பெருமை நெடுங்காலம் 'செட்' என்ற வினைக்கு இருந்தது. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு அதுவே. மூன்றாம் பதிப்புக்கான திருத்தத்தில் 'ரன்' 645 பொருள்களோடு அதை முந்தியது. தமிழில் அப்படி எண்ணுவது எளிதல்ல. 'வெயில் அடி'யில் பொருளின் பெரும்பகுதியை வெயிலே தருகிறது. அதை அடியின் தனிப்பொருளாகக் கணக்கிடுவதா, கூட்டுவினை என்று ஒதுக்குவதா என்பது அகராதிக்காரரின் முடிவு.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும், 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் பொது வழக்குக்குத் துணையாகும். கரிசல் பேச்சுக்கு, இளையரசனேந்தலுக்குப் பக்கத்திலுள்ள இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி முன்னோடி. வட்டார அகராதி என்றாலே வேறெங்கும் இல்லாத சொல்லைத் தேடுவது நம் வழக்கம். எல்லோருக்கும் தெரிந்த சொல் ஓர் ஊரில் மட்டும் வேறு வேலை செய்வதைக் குறித்துக்கொள்வது குறைவு. குப்பை அடித்தல் அந்த வகை.