பெரிய வாயும் சிறிய ஊசியும்

மாடம்பாக்கத்தில் என் வீட்டருகே உள்ள மெக்கானிக் ஷெட்டுக்குப் பழைய எம்.ஜி. டி.சி. கார் ஒன்று வந்தது. யுத்தம் முடிந்த கையோடு, 1945-ல் பிறந்த ஜாதி, 1250 சி.சி. எஞ்சின், ஒன்றேகால் அங்குல எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டு. "ஒன்றரை அங்குலமாக மாற்றிவிடுங்கள்" என்றார் சொந்தக்காரரான இளைஞர்.

கிழ மெக்கானிக் தலையை அசைத்தார். "மாத்தலாம் தம்பி. குடிக்கும், ஓடாது."

எஸ்.யூ.வைக் கண்டுபிடித்த ஸ்கின்னர், இங்கிலாந்தில் செருப்பு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய முதல் கார்புரேட்டரில் தோல் துருத்தி இருந்ததில் வியப்பென்ன? பிறகு துருத்தி போய்ப் பிஸ்டன் வந்தது. எஞ்சின் மூச்சிழுக்கும் வேகத்துக்குத் தக்கபடி பிஸ்டன் எழும். கூடவே எழும் கூர் ஊசி, பெட்ரோலை அளந்து விடும். வாயை மட்டும் பெரிதாக்கினால் அளவு கெட்டுப்போகும்.

எம்.ஜி. கம்பெனியே 1950-களில் டி.டி. மார்க் இரண்டுக்கு ஒன்றரை அங்குலம் வைத்தது. ஆனால் கம்ப்ரெஷனையும் உயர்த்தி, இரண்டாவது பெட்ரோல் பம்பும் கொடுத்தது.

"ஊசி மாத்தாம வாயை மாத்தி, சோழவரம் ரேஸிலே என் முதலாளி வண்டியை நடுப் பாதையிலே நிறுத்தினவன் நான்" என்றார் கிழவர். யுத்தகால விமான ஓடுதளமாயிருந்த சோழவரத்தில் இன்று பந்தயம் இல்லை. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில்தான். அந்த அவமானம் மட்டும் அவரோடு இருக்கிறது.

பழைய கார்புரேட்டர்களுக்கே புது ஊசியும் ஜெட்டும் போட்டார். இளைஞருக்கு ஏமாற்றந்தான். வேளச்சேரி ரோடு வரை ஓட்டிவிட்டுத் திரும்பியவர், பெரிய கார்புரேட்டரைப் பற்றி அப்புறம் பேசவில்லை.