வேற்றுச் சமயத்தார் பள்ளியும் நம் பிள்ளைகளும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் பெற்றோர் கடமை என்பதை இன்று மறுப்பார் எவருமிலர். ஆயின், எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்னும் வினா எழுந்தவிடத்து, அதனை நடத்துவோர் எச்சமயத்தார் என்று நோக்குவோர் பலர்; அங்கே கற்பிக்கப்படுவது யாது, யார் யாரோடு அமர்ந்து கற்கின்றனர் என்று நோக்குவோர் சிலரே. இவ்வினாவிற்கு நம்மவர் விடை தேடிய வரலாறு யாழ்ப்பாணத்தில் இரு நூற்றாண்டுக் காலமாக விரிந்து கிடக்கின்றது. மலாயாவின் இரயில்வேயிலும் சர்க்கார் அலுவலகங்களிலும் தோட்டங்களிலும் எழுதுகோல் பிடித்த முந்தைய தலைமுறையினரில் அநேகர் அப்பள்ளிகளில் ஆங்கிலம் பயின்று வந்தவர்களாதலின், அவ்வரலாறு நமக்கும் உரியதேயாம்.

அமெரிக்கப் பாதிரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் போந்தனர். வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டில் ஆண்பிள்ளைகளுக்கு ஓர் உயர்தரக் கல்விச்சாலையும், உடுவிலில் 1824ஆம் ஆண்டில் பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு கூடிய பள்ளியும் அவர்களால் தொடங்கப்பெற்றன. சோறும் உடையும் இலவசம். ஆயினும் சைவப் பெற்றோர் எளிதில் இசைந்தாரல்லர். பாதிரியார் வளவில் உண்டாற் சாதி கெடும் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தைத் தணித்தற்பொருட்டு மிஷன் நிலத்துக்கு வெளியே அடுக்களை அமைக்கவும் பாதிரிமார் உடன்பட்டனர். பெண்ணுக்கு எழுத்தறிவித்தல் இழிவென்று கருதப்பட்ட அந்நாளில், படித்து முடித்து மணம் புரியும் பெண்ணுக்குச் சீதனமும் தருவதாகச் சொல்லியே சிறுமியரைச் சேர்க்க வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் ஒரு விலையும் உண்டு. ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கத் தருமவான், தான் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடுவான். கரோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்னும் பெயர்கள் இவ்வாறு அமைந்தவை. தோட்டத்துச் செக்ரோலில் நாடோறும் பெயர் எழுதுவது என் தொழில். பெயரைத் தவறாக எழுதினாற் கூலியாளும் பொறுக்கமாட்டான். அவ்வாறிருக்க, பெற்ற பிள்ளைக்கு எங்கோ கடலுக்கப்பால் இருப்பவர் பெயரைத் தாங்கவும் ஒரு தந்தை இசைந்தானென்றால், கல்வியின்மேல் அவனுக்கிருந்த வேட்கை எத்துணைத்தாயிருத்தல் வேண்டும்!

பாதிரியார் வேண்டியது பிள்ளையின் ஆன்மா. தந்தை வேண்டியது பிள்ளையின் உத்தியோகம். ஒருவர் நோக்கத்தை மற்றவர் அறியாதாரல்லர். வட்டுக்கோட்டையில் வேதாகமத்தோடு ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானநூலும் கற்பிக்கப்பட்டன. கற்றவர் பலர் ஞானஸ்நானம் பெற்றனர். பெற்றவரிற் பலர் ஊழியத்துக்குச் செல்லாது சர்க்கார் வேலைக்குச் சென்றனர். 1855ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து மேற்பார்வைக்கு வந்த ரூபஸ் ஆண்டர்சன் என்பார், ஆங்கிலக் கல்வியால் மிஷனின் முதல் நோக்கம் நிறைவேறவில்லை என்று கண்டார். அவ்வாண்டிலேயே அக்கல்விச்சாலை மூடப்பட்டது. உள்ளூரார் அதனை மறந்தாரல்லர். அவர்தம் வேண்டுகோளும் முயற்சியும் துணைநிற்க, 1872ஆம் ஆண்டில் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

வேற்றுச் சமயப் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை நம்மைவிட்டுப் போய்விடும் என்பார்க்கு, ஆறுமுக நாவலர் வரலாறு நல்ல விடையாகும். நல்லூரில் 1822ஆம் ஆண்டிற் பிறந்த அவர், பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பள்ளியில் ஆங்கிலம் பயின்றார், அங்கேயே ஆசிரியருமானார், பைபிளைத் தமிழாக்கும் பணியிற் பாதிரியாருக்குத் துணைநின்றார். இத்தனையும் செய்தும் அவர் சைவராகவே இருந்தார். 1848ஆம் ஆண்டில் அப்பணியைத் துறந்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வகுப்புமுறை, அச்சிட்ட பாடநூல், எளிய உரைநடை, மேடைப் பிரசங்கம், துண்டுப் பிரசுரம் ஆகியவற்றையெல்லாம் அவர் மிஷனாரிடமிருந்தே கற்றுச் சைவத்திற்குப் பயன்படுத்தினார். மிஷன் பள்ளி ஒரு கிறிஸ்தவரைப் பெற எண்ணி, சைவத்திற்கு ஒரு காவலரை உருவாக்கிக் கொடுத்தது.

சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையிற் கற்றவரே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் அவர் ஒருவர்; மற்றவர் முற்கூறிய கரோல் விசுவநாதபிள்ளை. கிறிஸ்தவ வளர்ப்பிலிருந்து சைவத்திற்குத் திரும்பிய தாமோதரம்பிள்ளை, 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றினார். செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைக் காப்பதற்கு மிஷன் பள்ளியிற் பெற்ற பயிற்சி அவருக்கு இடையூறாகவில்லை.

எனினும், ஒருவர் இருவர் புகழைக் காட்டி ஊரார் அனைவரும் நலமுற்றனர் என்று கூறுதல் நேர்மையாகாது. சைவர் தம் பெண்மக்களுக்கென மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியைக் கண்டது 1913ஆம் ஆண்டில். உடுவிற் பள்ளி அதற்கு 89 ஆண்டுகள் மூத்தது. நாவலர் தமிழுக்குச் செய்த பணி பெரிது. ஆயின் அவர் எழுப்பிய கல்விக்கூடம் சாதி வரம்பைக் கடக்கவில்லை. மிஷன் பள்ளிகளும் இக்குற்றத்திற்கு முற்றும் நீங்கியனவல்ல. உயர்சாதியாரை இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் பல இடங்களில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகள் தரையில் அமர்த்தப்பட்டனர். உதவிப்பணம் பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர்தல் வேண்டும் என்று 1930ஆம் ஆண்டையொட்டி இலங்கைக் கல்வித் துறை பணித்தபோது, யாழ்ப்பாணத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாக்கப்பட்டன. பள்ளிக்குத் தீ வைத்தவரைத் தூண்டியது பாதிரியார்மேற் கொண்ட பகையன்று; தம் பிள்ளையும் மற்றவன் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்வதைப் பொறாத மனமேயாகும். தரையிலமர்ந்த அப்பிள்ளைக்குத் தன் சமயப் பள்ளி எது, பிற சமயப் பள்ளி எது?

சிங்கப்பூரிலும் இவ்வரலாற்றின் ஓர் ஏடு உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோபியா பிளாக்மோர் அம்மையார், 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஷார்ட் ஸ்திரீட்டுக் கடைவீடொன்றில் ஒன்பது தமிழ்ச் சிறுமியரைக் கொண்டு ஒரு பள்ளி தொடங்கினார். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றே அது வழங்கிற்று. பிற்காலத்துப் புகழ்பெற்ற மெதடிஸ்டுப் பெண்கள் பள்ளி அதுவே. ஓர் அயல்நாட்டுப் பெண்மணியிடம் தம் பெண்மக்களை ஒப்புவித்த அப்பெற்றோரின் பெயர்களைப் பலர் அறியார். அவர்கள் துணிவு நினைக்கத்தக்கது.

மனச்சாட்சியைக் காக்கச் சட்டமும் வழி கண்டது. இங்கிலாந்தின் 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பொதுப் பணம் பெறும் ஆரம்பப் பள்ளியிற் சமயபாடத்தைப் பள்ளிவேளையின் தொடக்கத்திலோ முடிவிலோ வைத்தல் வேண்டும் என்றும், அப்பாடத்தினின்று பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோர்க்கு உரிமையுண்டு என்றும் விதித்தது. எளிய விதி; ஆயினும் பெரிது. கணக்குக் கற்க வந்த பிள்ளை கட்டாயமாகக் கர்த்தரையும் கற்கவேண்டுவதில்லை என்பதை அது நிலைநாட்டியது. ஆனால், கேட்கும் பெற்றோர்க்கே உரிமை பயன்படும். பள்ளியின் பாட அட்டவணையை ஒருநாளும் பாராதவருக்குச் சட்டம் என்ன செய்யும்?

ஆதலின் இன்று பிள்ளைக்குப் பள்ளி தேடும் பெற்றோர் சிலவற்றை நேரிற் சென்று வினவுதல் நன்று. சமயபாடம் எந்த நேரத்தில் நடைபெறுகிறது? விலகி நிற்கும் பிள்ளை அந்நேரத்தில் என்ன செய்யும்? அப்பிள்ளையை ஆசிரியர் எவ்வாறு நடத்துவர்? ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் அங்கே முன்வரிசையில் இடமுண்டா? இவற்றைப் பிற சமயத்தார் பள்ளியிற் கேட்பது போலவே நம் சமயத்தார் பள்ளியிலும் கேட்டல் வேண்டும். வீட்டிலே தாய்மொழி நூலொன்று திறந்து கிடக்குமாயின், தாய் தந்தையர் பிள்ளையோடு அமர்ந்து அன்றைய பாடத்தைப் பற்றி உசாவுவாராயின், பள்ளி மணியோசை எக்கோபுரத்திலிருந்து எழுந்தாலும் அஞ்சவேண்டுவதில்லை. அவ்வாறு செய்யாத வீட்டிலிருந்து பிள்ளையை எப்பள்ளிக்கு அனுப்பினும், பெற்றோர் கடமையிற் பாதி செய்யப்படாமலே நிற்கும்.