பயண நாடகக் கம்பெனிகளும் மேடைமொழியும்

இந்திய நாடக வரலாறு பெரும்பாலும் மொழிவாரியாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மராத்தி நாடகம், குஜராத்தி நாடகம், தமிழ் நாடகம் எனத் தனித்தனி வரலாறுகள் உள. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய தொழில்முறைக் கம்பெனிகள் ஒரு மொழியின் எல்லைக்குள் நின்றவை அல்ல. இருப்புப்பாதை சென்ற ஊர்களுக்கெல்லாம் அவையும் சென்றன. எம்மொழியில் நடிப்பது என்பது அவற்றைப் பொறுத்தவரை இலக்கியக் கொள்கை பற்றிய வினா அன்று; அடுத்த ஊரில் கொட்டகை நிறையுமா என்னும் பிழைப்பு வினா.

பம்பாயின் பார்சிக் கம்பெனிகள் இதற்குத் தெளிவான சான்று. பார்சிகளின் வீட்டுமொழி குஜராத்தி. தொடக்ககாலத்தில் அவர்களுடைய மேடைமொழியும் பெரிதும் அதுவே. 1868இல் தோன்றிய விக்டோரியா நாடகக் கம்பெனி, எதல்ஜி கோரி குஜராத்தியில் எழுதிய நாடகம் ஒன்றை, பெஹ்ராம்ஜி பர்தூன்ஜி மர்ஸ்பானின் உருது மொழிபெயர்ப்பில் 1871இல் மேடையேற்றியது. ‘சோனே கே மோல் கீ குர்ஷீத்’ என்பது அதன் பெயர். மறு ஆண்டே கம்பெனி ஐதராபாத்துக்குப் பயணப்பட்டது. பம்பாயிலேயே தங்கியிருந்தால் குஜராத்தி போதுமானதாக இருந்திருக்கும். தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் கடல் கடந்து இரங்கூனுக்கும் செல்ல, பல ஊர்களிலும் ஓரளவேனும் விளங்கும் இந்துஸ்தானி தேவைப்பட்டது.

மொழி மாறியபோது எழுத்து உடனே மாறிவிடவில்லை. தொடக்ககால உருது நாடகங்கள் சில குஜராத்தி எழுத்திலேயே அச்சாயின. நாடகத்தை எழுதித் தந்த முன்ஷி பெரும்பாலும் கம்பெனியில் மாதச் சம்பளம் பெறுபவர். அவர் எழுதிய பனுவல் முதலாளியின் உடைமை. மொழிபெயர்ப்பு வரலாற்றை நூற்பட்டியல்களைக் கொண்டே வரைய முற்படுவோர் இம்முன்ஷிகளைத் தவறவிடுவது இயல்பே.

தெற்கிலும் இந்நிலையே காணப்படுகிறது. 1885இல் கடப்பைப் பகுதியில் தோன்றிய சுரபி நாடகக் குடும்பத்தினர் மராத்தி மரபினர். அவர்கள் மேடையிற் பேசியது தெலுங்கு. 1891இல் பெல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த சரச விநோதினி சபையின் தெலுங்கு நாடகங்களைக் கண்ட பின்னரே பம்மல் சம்பந்த முதலியார் தமிழ் நாடகத்துக்கெனச் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

தமிழகத்தின் பாய்ஸ் கம்பெனிகள் தனியே ஆராயத்தக்கவை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அவ்வாண்டிலேயே டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அதில் சேர்ந்தனர். இத்தகைய கம்பெனிகளில் உணவும் உறையுளும் முதலாளியின் பொறுப்பு. இரவில் நாடகம், காலையில் உறக்கம், பின்னர் வாத்தியாரிடம் பாடம் எனச் சிறுவர்களின் நாள் கழிந்தது. வசூல் உள்ளவரை ஓர் ஊரில் தங்குவர். அது குறைந்ததும் காட்சித் திரைகளையும் உடைப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர் செல்வர். வசூல் முற்றிலும் வீழ்ந்தால் பயணச் செலவுக்கே வழியின்றி அவ்வூரிலேயே தங்கிக் கடன்பட நேரும். மகரக்கட்டு உடையும் பருவத்தை எய்திய சிறுவனின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. நேற்றுவரை கம்பெனிக்கு வருவாய் ஈட்டித் தந்த குரல் இன்று பயன்படாது போகும். ராஜபார்ட்டையும் ஸ்திரீபார்ட்டையும் வேறொரு சிறுவன் பெறுவான்.

இச்சிறுவர்களின் வீட்டுமொழியும் வட்டார வழக்கும் பலவாறானவை. மலையாளக் குடும்பத்தில் பிறந்த எம். ஜி. ராமச்சந்திரன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பயின்றவர் என்பது யாவரும் அறிந்ததே. வாத்தியார் சொல்லச் செவிவழிப் பாடம் செய்த தமிழே இவர்கள் அனைவர்க்கும் பொதுமொழியாயிற்று. திருநெல்வேலியிலும் கோயம்புத்தூரிலும் இலங்கையிலும் ஒரே வடிவில் ஒலித்த அம்மேடைத்தமிழ், வானொலிக்கும் பேசும்படத்துக்கும் முன்னரே வட்டாரங் கடந்த பேச்சு வடிவம் ஒன்றை மக்கள் செவிக்குப் பழக்கியது எனக் கருத இடமுண்டு.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது மெட்டு. வடக்கிலிருந்து வந்த கம்பெனிகளின் இசையைத் தமிழ் வாத்தியார்கள் ஏற்றனர். சொல்லைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. நாடக நூல்களில் பாடலின் தலைப்பில் ‘இந்துஸ்தானி மெட்டு’, ‘பார்சி மெட்டு’ என்னும் குறிப்புகள் காணப்படுகின்றன. மூலத்தின் பொருளை விடுத்து அதன் ஒலியளவை மட்டும் கொண்ட இம்முறையை மொழிபெயர்ப்பு என்பதா, வேற்று ஆக்கம் என்பதா? இன்றைய கலைச்சொற்கள் இரண்டும் இதற்கு முழுதும் பொருந்தவில்லை.

டி. கே. எஸ். சகோதரர்களின் சபை பின்னர் கலைக்கப்பட்டது. எனினும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களின் ஸ்பெஷல் நாடகங்களில் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே வரும் நடிகர்கள், முன்னொத்திகை இன்றியே, சுவாமிகளின் வள்ளி திருமணத்தை இரவு முழுதும் நடத்துகின்றனர். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்னும் பெயர்களாலேயே அவர்கள் அழைக்கப்படுகின்றனர்.