வடசென்னையின் கைகளும் ஸ்டான்லியின் மேற்படிப்பும்



இந்தக் காலாண்டு இதழுக்கு நம் பகுதியின் சரித்திரம் ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் ஒரு மருத்துவ மேற்படிப்பின் கதையைத்தான் எழுதப்போகிறேன். அது நம் தொழிற்சாலைகளோடு பின்னிப் பிணைந்த கதை.

1980களின் நடுவில் திருவொற்றியூர் பக்கம் ஒரு கிளையில் சேமிப்புக் கணக்கு கவுண்டரில் இருந்தேன். ஒருநாள் ஒரு பட்டறைத் தொழிலாளி பணம் எடுக்கும் சீட்டை நீட்டினார். மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டேன், சற்றும் பொருந்தவில்லை. "கையெழுத்து வேற மாதிரி இருக்கே, சரியாப் போட்டுக் குடுங்க" என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே. அவர் ஒன்றும் பேசாமல் வலது கையைத் தூக்கிக் கவுண்டர் மேல் வைத்தார். இரண்டு விரல்களில் பெரிய கட்டு. பிரஸ் மிஷினில் மாட்டிக்கொண்டதாம். "இப்போதைக்கு இதான் சார் என் கையெழுத்து" என்றார். மேலாளர் வந்து, இடது பெருவிரல் ரேகை வாங்கி, சாட்சி வைத்துப் பணம் கொடுத்தோம். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு வைத்தியம் நடந்த இடம் ஸ்டான்லி.

ஸ்டான்லியை நம் பாட்டிமார்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். 1782-ல் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. பிறகு ராயபுரம் மருத்துவப் பள்ளி அங்கே வந்தது. அங்கே படித்தவர்களுக்குப் பட்டம் கிடையாது, எல்.எம்.பி. என்ற உரிமம்தான். பழைய ஆட்களுக்கு 'எல்.எம்.பி. டாக்டர்' ஞாபகம் இருக்கும். பல தெருக்களுக்கு அவர்தான் எல்லாம். 1934-ல் கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் பள்ளிக்கு வந்தது. 1938-ல் அது கல்லூரியாக உயர்ந்தது. 1946-ல் போர் குழு, இனி நாட்டில் ஒரே தரமான டாக்டர் படிப்புதான் இருக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. உரிமப் படிப்புகள் மெல்ல மறைந்தன. எம்.பி.பி.எஸ். அடிப்படை ஆனது. அதற்கு மேல் எம்.டி., எம்.எஸ்., அதற்கும் மேல் எம்.சிஎச். என்று படிகள் வந்தன. நம் வங்கியில் குமாஸ்தா, ஆபீசர், மேலாளர் என்று தேர்வு எழுதி ஏறுவது போலத்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு படியும் மூன்று வருடம்.

இதே காலத்தில் நம் பக்கம் என்ன நடந்தது? 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது, பின்னாளில் அசோக் லேலண்ட். 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு. பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. பவர் பிரஸ், லேத், கட்டிங் மிஷின். எல்லாவற்றிலும் முதலில் உள்ளே போவது மனிதனின் விரல்தான்.

கை என்பது சிக்கலான உறுப்பு. எலும்பு, தசைநாண், நரம்பு, ரத்தக்குழாய், தோல் எல்லாம் கையகலத்துக்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. எலும்பு டாக்டர் எலும்பைப் பார்ப்பார், பிளாஸ்டிக் சர்ஜன் தோலைப் பார்ப்பார். ஒரே ஆள் எல்லாவற்றையும் கற்றால்தான் கை பிழைக்கும் என்று அமெரிக்காவில் ஸ்டெர்லிங் பனல் வலியுறுத்தினார். அவருடைய கை அறுவைப் புத்தகம் 1944-ல் வந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். நம் மாநிலத்தில் வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட், 1940களின் இறுதியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை தசைநாண் மாற்றி நிமிர்த்திக் காட்டினார். அங்கே போர் வழி காட்டியது, வேலூரில் தொழுநோய். ஸ்டான்லியில் வழி காட்டியது மிஷின் என்று எனக்குத் தோன்றுகிறது.

1971-ல் பேராசிரியர் ஆர்.வெங்கடசாமி ஸ்டான்லியில் கைக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். (மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை நிறுவனர் கோ.வெங்கடசாமி வேறு, இவர் வேறு. பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) மேற்படிப்பு மாணவர்களுக்கு அந்த வார்டுதான் பாடப்புத்தகம். வேறு ஊர்களில் எப்போதாவது பார்க்கும் காயம் இங்கே அடிக்கடி வாசலுக்கு வந்தது. நம் தொழிலாளியின் கஷ்டத்தில்தான் அந்த டாக்டர்கள் கற்றார்கள் என்பதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. ஆனால் கற்றது வீண்போகவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டால் எலும்பு வெளியே தெரியும். பழைய முறையில் எலும்பை இன்னும் கொஞ்சம் வெட்டித் தோலை இழுத்து மூடுவார்கள். விரல் குட்டையாகிவிடும். வேறு இடத்துத் தோலை ஒட்டினால் நீளம் தப்பும், ஆனால் தொடு உணர்ச்சி சரியாக இருக்காது. வெங்கடசாமியும் என்.சுப்ரமணியனும் சேர்ந்து, அதே விரலின் உள்பக்கத்திலிருந்து முக்கோணமாக ஒரு சதைத் துண்டை, அதன் நரம்பும் ரத்தக்குழாயும் அறுபடாமல் நகர்த்தி நுனியை மூடும் முறையை 1980-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி இதழில் வெளியிட்டார்கள். இன்று கை அறுவைப் பாடத்தில் அதற்கு 'வெங்கடசாமி ஃபிளாப்' என்றே பெயர். ராயபுரம் பக்கத்தில் பிறந்த ஒரு முறையை வெளிநாட்டு மாணவனும் படிக்கிறான்.

அந்தத் தொழிலாளி சில மாதம் கழித்துப் புது மாதிரிக் கையெழுத்து கொடுக்க வந்தார். அவருக்கு எந்த முறையில் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் எனக்குப் புரிந்திருக்காது. ஒன்றை மட்டும் கவனித்தேன். நான் கொடுத்த நோட்டுகளை அதே விரல்களால் எண்ணினார். இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டிருந்ததைத் தடவியே கண்டுபிடித்துப் பிரித்தார். விரல் நுனியில் உணர்ச்சி இல்லாவிட்டால் அது நடக்காது, இதைக் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் அறிவான்.

மைக்ரோஸ்கோப் வைத்து, தலைமுடியை விட மெல்லிய இழையால் ரத்தக்குழாயைத் தைப்பதும் இந்தப் படிப்பில் சேர்ந்தது. முழுதாகத் துண்டான பெருவிரலை 1965-ல் ஜப்பானில் கோமட்சு, தமாய் இருவரும் ஒட்டிய பிறகு உலகெங்கும் பரவிய வித்தை அது. ஒட்டினால் மட்டும் போதாது, மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி இரண்டிலும் இப்போது முதுநிலைப் பட்டங்கள் உள்ளன. கை அறுவைக்கென்றே தனி எம்.சிஎச். பட்டமும் நாட்டில் வந்துவிட்டது. 2018 பிப்ரவரியில், இரு கைகளையும் இழந்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு ஸ்டான்லியில் மாற்றுக் கைகள் பொருத்தினார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதல் முறை. அரசு ஆஸ்பத்திரி என்று முகம் சுளிப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

நம் நகரில் இன்னும் பட்டறைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தீபாவளி வெடியும் உண்டு, வீட்டு மிக்சியும் உண்டு. ஆகவே இதை மட்டும் மறக்காதீர்கள். விரல் துண்டானால் அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பையில் வையுங்கள். ஐஸ் துண்டின் மேல் நேராகப் படக்கூடாது, தண்ணீரில் ஊறப்போடவும் கூடாது. காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். மஞ்சளும் காபித்தூளும் வேண்டாம். மணிக்கட்டோ அதற்கு மேலோ துண்டானால் சுமார் ஆறு மணி நேரம்தான் கணக்கு. விரலுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் உண்டு, அதுவும் குளிரில் வைத்தால்தான். 108-க்குப் போன் செய்து, கை துண்டாகியிருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.