வயது எத்தனை? சான்றிதழ்க் கணக்கும் பிறைக் கணக்கும்

மதரஸாவில் சீரா படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நபி (ஸல்) அவர்கள் பிறந்த ஆண்டு கி.பி. 571 என்று புத்தகத்தில் இருக்கிறது. வஃபாத்தான ஆண்டு 632. கழித்தால் 61 தான் வருகிறது. ஆனால் 63 வயது என்று சொல்கிறோமே, எப்படி? (பிறந்த ஆண்டை 570 என்று எழுதுவோரும் உண்டு. அப்போதும் 62-க்கு மேல் போகாது.)

இரண்டுமே சரிதான். 63 என்பது பிறை ஆண்டுக் கணக்கு. ஒரு பிறை ஆண்டுக்குச் சராசரியாக 354 நாளும் சுமார் ஒன்பது மணி நேரமும். நாம் நாள்காட்டியில் பார்க்கும் ஆங்கில ஆண்டுக்கு 365 நாளும் ஏறத்தாழ ஆறு மணி நேரமும். ஆண்டுக்கு 11 நாள் அளவில் பிறைக் கணக்கு முந்திக்கொண்டே போகிறது. 32 ஆங்கில ஆண்டு முடியும்போது பிறைக் கணக்கில் 33 ஆண்டு ஆகியிருக்கும். 63 பிறை ஆண்டு என்பது 61 ஆங்கில ஆண்டும் ஒரு மாதமும் சொச்சமும்.

இது வரலாற்றுப் பாடத்தோடு முடிந்துவிடும் விஷயமல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளின் நோன்புக் கணக்கு இதில்தான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒரு பையன் பிறந்த தேதி 17-8-2010. அந்த ஆண்டு ரமளானின் முதல் வாரம் அது. 10-3-2025 அன்று அவனுக்கு என்ன வயது?

முதலில் சான்றிதழ்க் கணக்கு. நாளில் நாளையும், மாதத்தில் மாதத்தையும், ஆண்டில் ஆண்டையும் கழிக்க வேண்டும். 10-இல் 17 போகாது. முந்தைய மாதத்திலிருந்து கடன் வாங்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். கண்ணை மூடிக்கொண்டு 30 வாங்கிவிடுகிறார்கள். முந்தைய மாதம் பிப்ரவரி, 2025-இல் அதற்கு 28 நாள்தான். ஆகவே 10-உடன் 28 சேர்த்தால் 38, அதில் 17 போக 21 நாள். மாதம் மூன்றில் ஒன்று கடனாகப் போனதால் மீதி 2. அதில் 8 போகாது. ஆண்டிலிருந்து 12 மாதம் வாங்கினால் 14, எட்டு போக 6 மாதம். ஆண்டு 2024-இல் 2010 போக 14. ஆக 14 ஆண்டு, 6 மாதம், 21 நாள்.

இனி மொத்த நாள்கள். 14 ஆண்டுக்கு 5110 நாள். இடையில் 2012, 2016, 2020, 2024 என நான்கு லீப் ஆண்டுகள், 5114. கடைசிப் பிறந்த நாளான 17-8-2024 முதல் 10-3-2025 வரை 205 நாள். கூட்டினால் 5319.

இந்த எண் கையில் இருந்தால் பிறந்த கிழமையையும் கண்டுபிடிக்கலாம். 5319-ஐ ஏழால் வகுத்தால் மீதி 6. 10-3-2025 திங்கட்கிழமை. திங்களிலிருந்து ஆறு நாள் பின்னால் எண்ணினால் செவ்வாய். பையன் பிறந்தது செவ்வாய்க்கிழமை.

இப்போது பிறைக் கணக்கு. பிறை ஆண்டின் சராசரி 354.367 நாள். 15 பிறை ஆண்டுக்கு 5315 நாளும் அரை நாளும். பையனுக்கு ஆகியிருப்பதோ 5319. ஆக, சான்றிதழில் பதினான்கரை வயதுப் பிள்ளைக்குப் பிறைக் கணக்கில் 15 முடிந்து மூன்று நாள் கடந்துவிட்டது. அதுவும் ரமளான் நடந்துகொண்டிருக்கும்போது!

பருவமடைந்த அடையாளம் எதுவும் தெரியாத பிள்ளை, பிறை ஆண்டில் 15 முடிந்ததும் பாலிக் ஆகிவிடுகிறான் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஹனஃபீ மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்று சொல்லியிருந்தாலும், அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரின் கருத்தான 15-இன் மீதே ஃபத்வா அமைந்துள்ளது. அடையாளம் முன்பே தெரிந்துவிட்டால் 15 வரை காத்திருக்கும் பேச்சே இல்லை. பெண் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கும் ஆண் பிள்ளைகளில் பலருக்கும் அப்படித்தான். 15 என்பது கடைசி எல்லை.

“ஆதாரில் இன்னும் பதினைந்து ஆகவில்லை, பத்தாவது பரீட்சை வேறு வருகிறது, அடுத்த வருடம் பிடிக்கட்டும்” என்று பெற்றோர் சொல்வதைக் கேட்டிருப்போம். 15 வயதில் இரண்டு கணக்குக்கும் உள்ள இடைவெளி ஐந்து மாதத்துக்கு மேல். அந்த இடைவெளிக்குள் ஒரு ரமளான் விழுந்தால், விட்ட நோன்புகளைப் பிள்ளை பிறகு களாச் செய்தாக வேண்டும். தொழுகையும் அப்படியே.

தொழச் சொல்லி ஏவ வேண்டிய ஏழு வயது ஏறக்குறைய 6 ஆண்டு ஒன்பதரை மாதத்தில் நிறைகிறது. கண்டிக்க வேண்டிய பத்து வயது 9 ஆண்டு எட்டரை மாதத்தில். அஹ்காஃப் அத்தியாயத்தின் 15-ஆம் வசனம் பேசும் நாற்பது வயது, 38 ஆண்டு பத்து மாத அளவில் வந்துவிடுகிறது. நாற்பதுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கெல்லாம் பிறந்த தேதி உண்மையாக இருந்தால்தான். இன்று நடுத்தர வயதைத் தாண்டிய பலருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஆசிரியர் எழுதியதே பிறந்த தேதி. ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் மே, ஜூன் மாதத்திலேயே “பிறந்திருப்பார்கள்”. அப்படிப்பட்டவர்கள் உம்மாவிடமோ பெரியும்மாவிடமோ கேட்பதே நல்லது. “நோன்புப் பெருநாள் கழிஞ்சு மூணாம் நாள், அஸருக்கு பாங்கு சொல்லும்போது பொறந்தான்” என்பார்கள். எந்தச் சான்றிதழிலும் இல்லாத துல்லியம் அதில் இருக்கிறது: ஷவ்வால் பிறை 3, மாலை. எந்த ஆண்டு என்று மட்டும் தெரிந்தால் போதும்.

அரசாங்க வேலைகளுக்கு ஆங்கிலத் தேதிதான். 18 வயது நிறைவதும் வாக்காளர் பட்டியலும் அந்தக் கணக்கில்தான். 1-10-2023 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழே ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் பின்னால் அலைச்சல் இல்லை.

ஹிஜ்ரி தேதியைக் கைப்பேசியில் மாற்றிப் பார்ப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். பல செயலிகள் சவூதி நாள்காட்டியைப் பின்பற்றுகின்றன. நம் ஊர்ப் பிறைக்கும் அதற்கும் ஒரு நாள் முன்பின் இருக்கும். இன்னொன்று, பிறை நாள் மஃரிபில் தொடங்குகிறது. 17-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிறந்த குழந்தைக்குச் செயலியில் 18-ஆம் தேதியைக் கொடுத்தால்தான் சரியான பிறை வரும்.

அகீகாவுக்கு ஏழாம் நாள் எண்ணும்போதும் இதே குழப்பம். வெள்ளிக்கிழமை பகலில் பிறந்தால் வெள்ளியே முதல் நாள். ஏழாம் நாள் வியாழன். இதுவே ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. வெள்ளி மஃரிபுக்குப் பிறகு பிறந்தால் சனிக்கிழமைதான் முதல் நாள், ஏழாம் நாள் அடுத்த வெள்ளி. ஆனால் பெரியவர்கள் “வெள்ளி இரவு பிறந்தது” என்று சொன்னால் அது வியாழன் மாலையைக் குறிக்கும். ஆட்டுக்குச் சொல்லி வைப்பதற்கு முன் எந்த இரவு என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.