பழுதுபார்ப்பும் இடிப்பும்: சென்னைப் பழைய வீடுகள் அடுக்ககங்களான வரலாற்றில் சட்டங்களின் பங்கு

முன்னுரை

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி முதலிய சென்னையின் பழைய பகுதிகளில் முற்றம் வைத்த வீடுகள் பல, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறின. மனை விலையேற்றமே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. ஆயினும், பழைய கட்டடத்தைப் புதுப்பித்து விரிவாக்காமல் இடித்தது ஏன் என்பதை விலையேற்றம் மட்டும் விளக்குவதில்லை. கட்டுமான முறை, வாடகைச் சட்டம், வாரிசுரிமைச் சட்டம் ஆகியவற்றின் பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

வீட்டமைப்பும் ஒண்டுக்குடித்தனமும்

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என நீளும் இவ்வீடுகள் கூட்டுக்குடும்ப வாழ்வை ஒட்டி அமைந்தவை. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கற்சுவர்களே சுமையைத் தாங்கின. மர உத்திரங்களின்மீது மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிய ‘மெட்ராஸ் டெரஸ்’ தளம் அவற்றின்மேல் அமைந்தது. குடும்பங்கள் சுருங்கியபோது வீடுகள் ‘போர்ஷன்’களாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன; கிணறும் முற்றமும் பொதுவாயின. மாடியில் ஓரிரு அறைகள் சேர்க்கப்பட்டன. அதற்குமேல் பல தளங்கள் எழுப்பக் கான்கிரீட் தூண்களும் புதிய அடித்தளமும் தேவைப்பட்டன.

வாடகைச் சட்டம்

1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் நியாய வாடகையை வரையறுத்து, காரணமின்றி வெளியேற்றுவதைத் தடுத்தது. அதன் 14ஆம் பிரிவு இங்குக் கருதத்தக்கது. பழுதுபார்ப்பதற்காக வீட்டைக் காலிசெய்வித்தால், பணி முடிந்தபின் அதைப் பழைய குடியிருப்பாளருக்கே அளிக்க உரிமையாளர் உறுதியளிக்க வேண்டும். இடித்துக் கட்டுவதாயின், ஒரு மாதத்தில் இடிப்பைத் தொடங்கி மூன்று மாதங்களில் முடிப்பதாக உறுதியளித்தால் போதும். மேலும், புதிய கட்டடத்திற்கு ஐந்தாண்டுகள் இச்சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ஆகவே, குடியிருப்பாளரைக் காக்க எழுந்த சட்டமே பழுதுபார்ப்பைவிட இடிப்பை உரிமையாளருக்கு ஆதாயமானதாக்கியது.

வாரிசுரிமை

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பத்தினரே முழுமையாகக் குடியிருந்த வீட்டில், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகப்பிரிவினை கோருவதைத் தடுத்தது. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், அதற்குமுன் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சமவுரிமை வழங்கியது. 23ஆம் பிரிவு 2005இல் நீக்கப்பட்டது. ஒரே முற்றமுடைய வீட்டைச் சமபங்காக வெட்ட இயலாது. அடுக்ககத்தையோ வீடு வீடாகப் பங்கிடலாம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், தனிவீட்டின் உரிமையோடு பொது இடங்களில் பிரிக்கப்படாத பங்கையும் இணைத்து இதற்குச் சட்ட வடிவம் தந்தது.

முடிவுரை

இம்மாற்றத்தை மரபுக் கட்டடக்கலையின் இழப்பாக மட்டும் காண்பது முழுமையாகாது. மகளும் தன் பங்கைத் தனிவீடாகப் பெற வழிசெய்த அதே இடிப்பு, குறைந்த வாடகையில் வாழ்ந்தோரின் இருப்பிட உரிமையைப் பறித்தது. 2017ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்து 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. எனினும், அச்சட்டத்தின் காலத்தில் இடிந்த வீடுகளின் வரலாற்றை எழுத, கட்டட வரைபடங்களோடு பாகப்பிரிவினைப் பத்திரங்களையும் வாடகை வழக்குகளையும் சேர்த்துப் படிப்பது இன்றியமையாதது.