பட்டான் கல்லும் பலாஷ் கப்பலும்

காவேரிப்பட்டினம் என்றதும் பலருக்கும் பூம்புகாரே நினைவுக்கு வரும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினமோ கடலுக்கு வெகு தொலைவில், தென்பெண்ணைக் கரையில் உள்ளது. ஆயினும், வீழ்ந்த வீரனுக்கு அவன் ஊரார் நினைவுச்சின்னம் எழுப்பும் மரபைப் பேச ஏற்ற நிலம் இது. ஆநிரைப் பூசல்களில் மடிந்தோரின் நடுகற்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. காட்சி முதல் வாழ்த்து வரையிலான நடுகல்லின் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது.

நீரில் பொருதோர்க்கும் நடுகல் உண்டு. மும்பை போரிவலியை அடுத்த எக்சர் நடுகற்களில் போர்க்கலங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. இம்மரபை ஒத்த இக்கால நினைவுச்சின்னம் ஒன்று வங்கதேசத்தின் நவகாளி மாவட்டத்தில் உள்ளது.

1971 போரில், கொல்கத்தாத் துறைமுகப் படகுகள் இரண்டு பத்மா, பலாஷ் என்னும் பீரங்கிக் கப்பல்களாக மாற்றப்பட்டன. முக்தி வாகினியினரும் இந்தியக் கடற்படையினரும் சேர்ந்தே அவற்றைச் செலுத்தினர். டிசம்பர் 10 அன்று, குல்னாவை நெருங்கிய அக்கப்பல்களைப் பகைவருடையவை எனப் பிழைபடக் கருதி இந்திய விமானங்கள் தாக்கின. பலாஷின் எந்திர அறைப் பணியாளர் ருஹுல் அமீன், கப்பலைக் கைவிடுமாறு ஆணை பிறந்தும் எந்திரத்தைக் காக்க முயன்றார். காயத்துடன் கரை சேர்ந்தவரை ரசாக்கர்கள் கொன்றனர். ரூப்சா ஆற்றங்கரையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அதே நடவடிக்கையில், காயமுற்ற நிலையிலும் தோழர்களைக் கரைசேர்த்துச் சிறைப்பட்ட இந்திய மாலுமி சிமன் சிங்குக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

வங்கதேசத்தின் தலையாய வீர விருதான பீர் சிரேஷ்டோ எழுவருக்கே வழங்கப்பட்டது. அவர்களுள் கடற்படையைச் சேர்ந்தவர் ருஹுல் அமீன் ஒருவரே. அவர் பிறந்த பாக்பாஞ்சுரா சிற்றூர் ருஹுல் அமீன் நகர் எனப் பெயர் பெற்றது. 2008இல் அவ்வூரில் அவர் பெயரால் நூலகமும் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டன. இறந்த இடத்தில் கல்லறை. பிறந்த இடத்தில் பெயரும் நூலகமும்.

நம் நடுகற்களை மக்கள் 'பட்டான் கல்' என்றும் வழங்குவர். இன்னாரது பூசலில், இன்னது மீட்டுப் பட்டான் என்று அக்கல்லெழுத்துகள் ஒளிக்காமல் உரைக்கும். பலாஷைத் தாக்கியவை நம் நாட்டு விமானங்களே. அம்மாலுமியை நினைவுகூரும் நாம் அவர் வீரத்தை மட்டும் சொல்லி, அக்குண்டுகளை விட்டுவிடலாகாது. பட்டவாறு சொல்வதே பட்டான் கல்லின் அறம்.